ஒரே ஆள், இரண்டு பதிவு

இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களுக்குப் பதிவு என்றால் என்னவென்று நாம் விளக்கத் தேவையில்லை. கிராம அலுவலரிடம் ஒரு பதிவு, சங்கக்கடையில் ஒன்று, கமநல சேவை நிலையத்தில் இன்னொன்று. ஒன்றில் தகப்பன் பெயரின் முதலெழுத்து விடுபட்டிருக்கும். மற்றதில் பிறந்த ஆண்டு மாறியிருக்கும். அந்த ஓர் எழுத்துக்காகத் திரும்பவும் வரிசையில் நின்றவர்கள் எமது வாசகர்களில் பலர்.

இப்போது அந்த ஏடுகள் கணனிக்குள் போய்விட்டன. அங்கும் ஏடு ஒன்றல்ல. மரக்கறி வாங்கும் ஒரு சேகரிப்பு நிலையத்தை எடுத்துக்கொள்வோம். பொருள் கொண்டுவருபவரின் பெயர், ஊர், தொலைபேசி இலக்கம், அவர் சொன்ன முறைப்பாடு ஆகியவற்றை ஒரு மென்பொருள் வைத்திருக்கும். இதை வாடிக்கையாளர் தொடர்பு மென்பொருள் என்கிறார்கள். 1999இல் அமெரிக்காவில் தொடங்கிய சேல்ஸ்போர்ஸ் இந்த வகையில் பெயர்பெற்றது. தொண்டு நிறுவனங்களுக்கென்றே இலவசமாகக் கிடைக்கும் சிவிசிஆர்எம் என்பதும் உண்டு. நிறுத்த நிறை, விலை, கொடுக்கவேண்டிய காசு ஆகியவை வேறொரு தரவுத்தளத்தில் இருக்கும்.

முன்பென்றால் எழுதுவினைஞர் ஒருவர் பின்னேரத்தில் இருந்து ஒன்றைப் பார்த்து மற்றதில் எழுதுவார். இன்று அந்த வேலையைத் தன்னியக்கப் பணியோட்டம் செய்கிறது. 2011இல் அமெரிக்காவில் தொடங்கிய சேப்பியர், 2019இல் பெர்லினில் தொடங்கிய என்-எட்டு-என் போன்றவை இதற்கென உள்ளவை. நிரல் எழுதத் தெரியாதவரும் ஒரு மத்தியானத்துக்குள் இரண்டு ஏடுகளையும் தொடுத்துவிடலாம். அதனாலேயே பலர் யோசியாமல் தொடுத்துவிடுகிறார்கள்.

புதுப் பதிவு வந்ததைப் பணியோட்டம் இரண்டு விதமாக அறியும். சில நிமிடங்களுக்கு ஒருதரம் தானே போய் ஏதும் உண்டா என்று பார்க்கலாம்; அல்லது பதிவு விழுந்தவுடன் முதல் மென்பொருளே இதன் கதவைத் தட்டலாம். பிறகு, இந்த ஆள் தரவுத்தளத்தில் ஏற்கெனவே இருக்கிறாரா என்று தேடும். இருந்தால் அவருடைய பதிவைத் திருத்தும். இல்லாவிட்டால் புதிதாக எழுதும்.

எதை வைத்துத் தேடுகிறது? முழு விடயமும் இதில்தான் தங்கியிருக்கிறது.

பெயரை வைத்துத் தேடினால், எங்கள் பெயர்கள் ஆங்கிலத்தில் ஒரே விதமாக எழுதப்படுவதில்லை. ஒரு 'சி'க்கு ஒருவர் ஓர் எழுத்தும் அடுத்தவர் இரண்டு எழுத்தும் போடுவார். முதலெழுத்து முன்னால் வருமா பின்னால் வருமா என்பதும் எழுதுபவரைப் பொறுத்தது. கணனிக்கு இவை வெவ்வேறு ஆட்கள். தொலைபேசி இலக்கத்தை வைத்துத் தேடுவது இன்னும் மோசம். ஒரு வீட்டில் ஒரு தொலைபேசிதான் இருக்கும். தகப்பனும் மகனும் அதே இலக்கத்தைக் கொடுத்தால் பணியோட்டம் இருவரையும் ஒருவராக்கிவிடும். மகன் வாங்கிய விதைக்கடன் தகப்பனின் வெங்காயக் காசில் கழிபடும். ஒரு ஆள் இரண்டாவதைக் காட்டிலும் இரண்டு ஆள் ஒன்றாவதுதான் பிரிக்கக் கஷ்டமானது என்பது எமது எண்ணம்.

தேசிய அடையாள அட்டை இலக்கம் இவற்றிலும் நல்லது. ஆனால் அதிலும் ஒரு பொறி உண்டு. பழைய அட்டையில் ஒன்பது எண்களும் ஓர் ஆங்கில எழுத்தும் இருந்தன. 2016 முதல் பன்னிரண்டு எண்கள். பழையதைப் புதியதாக்கும் விதம் கடினமல்ல: முன்னால் 19 சேர்த்து, பழைய முதல் ஐந்து எண்களுக்குப் பின்னால் ஒரு 0 இட்டு, கடைசி எழுத்தை விட்டுவிட வேண்டும். இதைப் பணியோட்டத்துக்குச் சொல்லிக்கொடுக்காவிட்டால், பழைய அட்டையுடன் பதிந்த ஒரு தாய், புதிய அட்டை எடுத்தபின் வேறொருவராகிவிடுவார். மிளகாய் ஒரு பெயரில் நிறுக்கப்படும். வங்கிக் கணக்கு மற்றப் பெயரில் கிடக்கும். காசு போய்ச் சேராது. கேட்கப் போனால், பதிவு சரியாகத்தானே இருக்கிறது என்பார்கள். அவர்கள் பார்க்கும் பதிவு சரிதான்.

இன்னொரு வில்லங்கம், இணைப்பு அறுந்துபோகும் நேரங்களில் வருவது. பதிவை அனுப்பிய பணியோட்டம், கிடைத்தது என்ற பதில் வராவிட்டால் திரும்பவும் அனுப்பும். முதல் தரமும் அது போய்ச் சேர்ந்திருந்தால் 200 கிலோ 400 கிலோவாகும். கூடுதலாகத்தானே வருகிறது என்று மகிழவேண்டாம். கொடுத்த முற்பணமும் இவ்விதமே இரண்டுதரம் ஏறலாம். ஒவ்வொரு நிறுவைக்கும் தனியான பற்றுச்சீட்டு இலக்கம் இருந்து, அதே இலக்கம் இரண்டாந்தரம் வந்தால் ஏற்காதே என்று தரவுத்தளத்துக்குக் கட்டளையிட்டிருந்தால் இது நடவாது. பற்றுச்சீட்டை நனையாமல் வைத்திருங்கள் என்று நாம் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெயரை நீக்கச் சொல்லும்போதும் கவனம் தேவை. பெரும்பாலான பணியோட்டங்கள் புதியதையும் திருத்தியதையும் மட்டுமே கொண்டுபோகும். முதல் ஏட்டில் அழித்த பெயர் இரண்டாவதில் அப்படியே இருக்கும். தங்கள் விபரம் எங்கெங்கே கிடக்கிறது என்று அஞ்சிய காலத்தைக் கண்ட எமக்கு இது சின்ன விடயமல்ல. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தன் விபரத்தைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமை எழுதப்பட்டுள்ளது. அது நடைமுறைக்கு வருவதுதான் இழுபட்டது.

பிழையைத் திருத்தப் போகிறவர்கள் மேசையில் இருப்பவரிடம் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: "தம்பி, எங்கட விபரத்தை முதல்ல எந்த ஏட்டில எழுதுறியள்?" அங்கேதான் திருத்தவேண்டும். கொடுப்பனவு ஏட்டில் மட்டும் திருத்தினால், அன்று பின்னேரம் சரியாக இருக்கும். முதல் ஏட்டில் உங்கள் பதிவை யாராவது அடுத்ததாகத் தொட்டவுடன், பணியோட்டம் பழைய பிழையைத் தூக்கிக்கொண்டு வந்து அதற்கு மேல் எழுதிவிடும்.