உஷார்! தீவை மீட்கும் கல் யார் குன்றிலிருந்து?

களக்காடு, ஏர்வாடி, நாங்குநேரிப் பக்கம் அஸ்திவாரம் தோண்டத் தயாராக இருப்பவர்களே, உங்கள் மனையில் வந்து நிற்கும் ஒவ்வொரு லோடும் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் இறக்க விடாதீர்கள். கேட்க ஆளில்லாமல் போனதால் மன்னார் வளைகுடாவில் இரண்டு தீவுகள் ஏற்கெனவே கடலுக்குள் போய்விட்டன.

அங்கிருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் இன்று தண்ணீருக்கு மேலே இல்லை. தீவைச் சுற்றி அரணாக நின்ற பவளப்பாறையைக் கடப்பாரையால் பெயர்த்து, வள்ளத்தில் ஏற்றி, சுண்ணாம்புக் காளவாசலுக்கும் கட்டடத்துக்கும் அனுப்பினார்கள். பாக் நீரிணையையும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 25,000 டன் என்று 1970களின் தொடக்கத்திலேயே கணக்கிட்டிருக்கிறார்கள். அரண் போனது, அலை நேராக மணலில் அடித்தது. 1986-இல் தேசியப் பூங்கா அறிவிப்பு வந்தது. 2001-இல் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறியது. அப்படியும் சுனாமி வந்துபோன பிறகு, 2005 வாக்கில்தான் கல்லெடுப்பு நின்றது.

இன்று அதே தீவுகளைக் காப்பாற்றக் கோடிகள் செலவாகின்றன. தூத்துக்குடிக்கு எதிரே கரைந்துகொண்டிருந்த வான் தீவைச் சுற்றி, மத்திய அரசின் காலநிலைத் தகவமைப்பு நிதியில், 10,000-க்கும் மேற்பட்ட செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள். அடுத்தது காரைச்சல்லி. 1969-இல் 20 ஹெக்டேருக்கு மேல் இருந்த தீவு. இப்போது மூன்று ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. உலக வங்கி உதவியோடு நடக்கும் ரூ.1,675 கோடி கடற்கரைத் திட்டத்தில், இதற்கு மட்டும் சுமார் ரூ.50 கோடி. செய்ய வேண்டிய வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் செயற்கைப் பாறையும் சிமென்ட்தான், கம்பிதான், மணல்தான். அது எந்தக் குன்றை உடைத்து வருகிறது?

மாலத்தீவைப் பாருங்கள். வீடு கட்டப் பவளத்தை வெட்டியவர்கள், 1987-இல் பேரலை மாலே நகருக்குள் புகுந்த பிறகு, ஜப்பான் பணத்தில் கான்கிரீட் அரண் எழுப்பினார்கள். இன்று அவர்களுக்குக் கல்லும் மணலும் நம் நாட்டிலிருந்து போகின்றன. 2024-25-க்கு மட்டும் ஆற்றுமணல் 10 லட்சம் டன், ஜல்லி 10 லட்சம் டன் ஏற்றுமதிக்கு மத்திய அரசு அனுமதித்தது. ஏற்றுமதிக்குக் குறித்த துறைமுகங்களில் தூத்துக்குடியும் ஒன்று. அத்தனையும் நம்ம ஊர்க் கல் என்று சொல்லவில்லை. ஓரிடத்துப் பாறையைக் காப்பாற்றும் சுமை இன்னோரிடத்து மலையில் ஏறுகிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

அந்தச் சுமை எப்படியிருக்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல. 2022 மே மாதம் முன்னீர்பள்ளம் அருகே அடைமிதிப்பான்குளம் குவாரியில் நள்ளிரவில் பாறை சரிந்து நாலு பேர் செத்தார்கள். தாமிரபரணியில் மணல் அள்ளியது எல்லை மீறிப் போய், 2010-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட வேண்டியதாயிற்று. ஆற்றில் விட்ட கை இப்போது குன்றில் விழுந்திருக்கிறது.

சரி, வீடு கட்டுகிறவர் என்ன செய்வது? எம்-சாண்ட், ஜல்லி லாரி வந்தால் முதலில் நடைச்சீட்டைக் கேளுங்கள். குவாரியின் பெயரும் தேதியும் அதில் இருக்க வேண்டும். ‘அதெல்லாம் பார்த்துக்கிடலாம் அண்ணாச்சி’ என்றால் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். சுண்ணாம்புப் பூச்சுக்கு மறுபடியும் மவுசு வந்திருக்கிறது, நல்லது. ஆனால் மூட்டையைப் பிரித்து, சரியாக வேகாத துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். கிளிஞ்சல் என்றால் வளைவும் வரியும் தெரியும். பூ பூவாக, நெருக்கமாகச் சின்னச் சின்னக் குழிகள் இருந்தால் அது பவளம். வாங்காதீர்கள். பவளக் குற்றத்துக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு.

செங்கலுக்குப் பதில் சாம்பல் கல் வையுங்கள். தூத்துக்குடி அனல்மின் நிலையத்துச் சாம்பல் கிட்டத்திலேயே கிடக்கிறது. அனல்மின் நிலையத்திலிருந்து 300 கிலோமீட்டருக்குள் நடக்கும் கட்டுமானத்தில், விலை கூடாத பட்சத்தில் சாம்பல் கல்லைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசின் 2021 டிசம்பர் அறிவிக்கையே சொல்கிறது. கூரையில் கான்கிரீட்டுக்கு நடுவே பழைய ஓடு பதித்தால் சிமென்டும் மணலும் மிச்சம்.

ஆனால் ஏழை வீட்டுக்காரர் தலையில் மட்டும் இதைக் கட்டுவது அநியாயம். கலைஞர் கனவு இல்லத்துக்கு அரசு தரும் மூன்றரை லட்சத்தில் சோதனை செய்து பார்க்க யாருக்குத் துணிச்சல் வரும்? தீவை மீட்க ஒதுக்கும் நிதியில் ஒரு பங்கு கரைக்கு வர வேண்டும்: சாம்பல் கல் பட்டறைக்குக் கடன், கிளிஞ்சல் சூளைக்கு உதவி, கொத்தனார்களுக்குக் கூலியோடு பயிற்சி. கடலில் இறக்கும் பாறைக்கும் எந்தக் குவாரிக் கல் என்று ஒப்பந்தத்திலேயே எழுதட்டும்.

உங்கள் பக்கத்துக் குன்றுக்குக் குவாரி கேட்டுக் கருத்துக்கேட்புக் கூட்ட அறிவிப்பு வந்திருக்கிறதா என்று இந்த வாரமே விசாரியுங்கள். வந்திருந்தால் ஆட்சேபணையை எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள்.