மின்சார ஜிக்சா ரம்பம்: பலகைக்கு அடியிலும் கவனம் தேவை

கோழிகளுக்கு முட்டையிடும் பெட்டி செய்யவும், ஆட்டுக் கொட்டகைக் கதவுக்குப் பிளைவுட் அறுக்கவும் மின்சார ஜிக்சா ரம்பம் உதவும். வளைவாகவும் வட்டமாகவும் அறுக்க இது மிகவும் ஏற்றது. கைக்கு அடக்கமான சிறு கருவி என்பதால் ஆபத்து இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. பலகைக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் நீண்டிருக்கும் பிளேடு, நிமிடத்துக்குச் சுமார் 3,000 தடவை வரை மேலும் கீழும் ஓடுகிறது. பலகையைத் தாங்குவதற்காக அடியில் கை கொடுத்தால் விரல் வெட்டுப்படும்.

பிளேடு பொருத்துதல்

பிளக்கைக் கழற்றிய பிறகே பிளேடை மாட்டவோ மாற்றவோ வேண்டும். மரத்துக்கு அங்குலத்துக்கு 6 முதல் 10 பற்கள் உள்ள பிளேடும், தகரத்துக்கு 20-க்கு மேற்பட்ட நெருக்கமான பற்கள் உள்ள பிளேடும் ஏற்றவை. பற்கள் முன்புறம் நோக்கி இருக்க வேண்டும். மாட்டியபின் இழுத்துப் பார்த்து, உறுதியாக நிற்கிறதா எனச் சோதிப்பது அவசியம். பிளேடு முழுவதும் மேலேறிய நிலையிலும் அதன் முனை பலகைக்கு அடியில் சற்று வெளியே தெரிய வேண்டும். இல்லையேல் இறங்கும்போது முனை பலகையில் முட்டி பிளேடு முறியும்.

பலகையை இறுக்குதல்

பழைய பலகையானால் ஆணிகளை முதலில் பிடுங்கிவிட வேண்டும். பலகையை உறுதியான மேசையின்மேல் வைத்து, இரண்டு கிளாம்ப்புகளால் இறுக்க வேண்டும். அறுக்கும் கோடு மேசைக்கு வெளியே நிற்கட்டும். அடியில் பிளேடு ஓடப் போதிய இடம் இருக்க வேண்டும். காலால் மிதித்துக்கொண்டோ, வேறொருவரைப் பிடிக்கச் சொல்லியோ அறுப்பது தவறு. பிளேடு மேலேறும்போது அறுப்பதால் பலகையின் மேற்பக்கத்தில் சிம்பு கிளம்பும். எனவே நல்ல பக்கம் கீழே இருப்பது நல்லது.

அறுக்கும் முறை

பிளக்கைச் செருகுமுன் சுவிட்ச் அணைந்திருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். அடித்தகட்டின் முன்பகுதியைப் பலகையில் படிய வைத்து, பிளேடு பலகையைத் தொடாத நிலையில் ஓடவிட்டு, பிறகு மெதுவாக முன்னே நகர்த்த வேண்டும். அழுத்தித் தள்ளினால் பிளேடு வளைந்து கோடு தவறும். நடுவில் ஓட்டை அறுக்க, பிளேடு நுழையும் அளவுக்கு முதலில் துளையிட்டுக்கொள்ள வேண்டும். பிளேடு சிக்கினால் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றிய பின்னரே விடுவிக்கலாம். அறுத்து முடிந்ததும் பிளேடு முழுவதும் நின்ற பிறகே கருவியைத் தூக்க வேண்டும். அப்போது பிளேடு சூடாக இருக்குமாதலால் உடனே தொடக் கூடாது.

மின்சாரத்தில் எச்சரிக்கை

ஈரத் தரையிலும் தூறலிலும் இக்கருவியை இயக்கக் கூடாது. மூன்று முள் பிளக் உள்ள கருவிக்கு எர்த் இணைப்பு அவசியம். இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பு சுவிட்ச் இருப்பது நலம். வயர் எப்போதும் பிளேடுக்குப் பின்னால் கிடக்க வேண்டும்.

கிராமங்களில் வேலை நடுவே மின்தடை ஏற்படலாம். சில கருவிகளில் சுவிட்சை அழுத்திய நிலையிலேயே நிறுத்திவைக்கும் பொத்தான் உண்டு. அதை விடுவிக்காமல் வைத்துவிட்டுப் போனால், மின்சாரம் வந்ததும் ரம்பம் தானே ஓடத் தொடங்கும். ஆகவே மின்சாரம் நின்றவுடன் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் கழற்றிவிட வேண்டும்.

கண்ணாடி அணிவதும், துண்டு, தளர்ந்த சட்டைக் கை முதலியவை பிளேடில் சிக்காமல் பார்த்துக்கொள்வதும், குழந்தைகளை அருகில் விடாதிருப்பதும் முக்கியம். கிளாம்ப் இறுக்கச் சில நிமிடங்களே ஆகும். பால் கறப்பது முதல் நாற்று நடுவது வரை விரல்களை நம்பியே பிழைக்கும் விவசாயிகள் அந்தச் சில நிமிடங்களை மிச்சம் பிடிக்கக் கூடாது.