நற்கருணையும் இரகசிய உறுதிமொழியும்

திண்டுக்கல்லில் ரோட்டரி சங்கத்திலும் அரிமா சங்கத்திலும் உறுப்பினர்களாக உள்ள கத்தோலிக்கர்கள் உண்டு. ரத்த தான முகாம் நடத்துகிறார்கள். ஞாயிறன்று புனித வளனார் பேராலயத்தில் நற்கருணை வாங்குகிறார்கள். யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை. அதே மனிதரை வெளியூர் வணிக நண்பர் ஒருவர் ஃப்ரீமேசன் அமைப்பில் சேர அழைத்தால் நிலைமை வேறாகிறது. அதுவும் நற்பணி செய்யும் அமைப்புதான். கடவுள் நம்பிக்கை உள்ளவரையே அதுவும் சேர்த்துக்கொள்கிறது. பின் ஏன் கத்தோலிக்கத் திருச்சபை அதற்கு மட்டும் கதவடைக்கிறது?

இந்த அமைப்பு தமிழகத்துக்குப் புதியதன்று. 1717இல் லண்டனில் முதல் பேரமைப்பு உருவானது; 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே சென்னையில் அதன் கிளைகள் தோன்றிவிட்டன. ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உமரா 1770களில் திருச்சியில் உறுப்பினரானார். இந்தியர்களுக்கான பேரமைப்பு 1961இல் நிறுவப்பட்டது. அதன் கிளைகளை லாட்ஜ் என்பார்கள். நம் ஊரில் லாட்ஜ் என்றால் தங்கும் விடுதிதான் நினைவுக்கு வரும் என்பது வேறு கதை.

திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமென்ட் 1738இல் முதல் தடையை விதித்தார். அவர் முன்வைத்த காரணங்களில் முக்கியமானது இரகசியம்: தவறில்லாதவர்கள் வெளிச்சத்தை ஏன் வெறுக்க வேண்டும் என்ற ஐயம். 1884இல் பதின்மூன்றாம் லியோ மேலும் கடுமையாக எழுதினார். 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், சேர்ந்த மாத்திரத்திலேயே திருச்சபையிலிருந்து விலக்கப்படுவர் என்றது. அந்தக் காலத்து ஐரோப்பாவில் இருதரப்புக்கும் இடையே அரசியல் பகையும் இருந்தது என்பதை மறுக்க முடியாது.

குழப்பம் 1983இல் வந்தது. புதிய சட்டத் தொகுப்பில் ஃப்ரீமேசன் என்ற பெயரே இல்லை; திருச்சபைக்கு எதிராகச் சதி செய்யும் சங்கங்களில் சேருவோருக்குத் தண்டனை என்று மட்டுமே இருந்தது. நம் கிளை யாருக்கும் எதிராகச் சதி செய்யவில்லையே, அப்படியானால் சேரலாம்தானே என்று பலர் கருதினர். அச்சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய நாள், நவம்பர் 26 அன்று, கர்தினால் ஜோசப் ராட்சிங்கர் கையொப்பமிட்ட அறிவிப்பு வெளிவந்தது. திருச்சபையின் நிலைப்பாடு மாறவில்லை. சேருவோர் கனமான பாவத்தில் இருக்கிறார்கள். அவர்கள் நற்கருணை பெற இயலாது என்றது அது. உள்ளூர்த் திருச்சபை அதிகாரிகள் இதைத் தளர்த்தவும் முடியாது. 2023இல் பிலிப்பைன்ஸின் துமகேத்தே ஆயர், தம் மறைமாவட்டத்தில் உறுப்பினர் எண்ணிக்கை பெருகுவதாகக் கவலை தெரிவித்தபோதும் உரோமை இதையே மீண்டும் சொன்னது. திருத்தந்தை பிரான்சிஸ் அதற்கு ஒப்புதல் அளித்தார்.

இதில் இரகசியம் என்னும் காரணம் இன்று வலுவிழந்துவிட்டது என்றே கருதுகிறேன். அவர்களுடைய சடங்கு நூல்கள் அச்சில் கிடைக்கின்றன. இரகசியம் காப்பதே குற்றமென்றால் பாவசங்கீர்த்தனமும் அப்படித்தானே என்று கேட்போரும் உண்டு. அந்த ஒப்பீடு பொருந்தாது. பாவசங்கீர்த்தன முத்திரை காப்பது அருளடையாளத்தை நாடி வருபவரை. அவர் விரும்பினால் தாம் சொன்னதை ஊரறியச் சொல்லலாம். இங்கோ உறுதிமொழி கட்டுவது சேருபவரின் வாயை.

வலுவான காரணம் வேறு. ஜெர்மன் ஆயர்கள் 1974 முதல் 1980 வரை ஃப்ரீமேசன்களுடன் நேரடியாக உரையாடி, முதல் மூன்று படிநிலைகளின் சடங்குகளையும் ஆராய்ந்தனர். இணக்கம் இல்லை என்பதே அவர்களின் முடிவு. அங்கே இறைவன் உலகின் மாபெரும் சிற்பி. கிறிஸ்துவின் பெயருக்கு அங்கு தனியிடமில்லை. விவிலியமும் கீதையும் குர்ஆனும் ஒரே மேடையில் இருக்கும். எல்லாச் சமயங்களும் ஒரே உண்மையின் சம மதிப்புள்ள சாயல்கள் என்ற பார்வையை அந்தச் சடங்கு மெல்லப் பழக்கிவிடும் என்பதே திருச்சபையின் அச்சம்.

பிற சமயத்தவரோடு பழகுவதற்கு இது தடையா? திண்டுக்கல்காரருக்கு இந்த ஐயமே வராது. முத்தழகுபட்டி செபஸ்தியார் திருவிழாவில் ஆடும் கோழியும் நேர்ச்சையாக வந்து குவிகின்றன. சாதி, சமய வேறுபாடின்றி பந்தியில் அமர்ந்து உண்கிறார்கள். அங்கே யாரும் தன் விசுவாசத்தைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வரவில்லை. லாட்ஜ் கூட்டத்திலோ சமய விவாதத்துக்கு அனுமதியில்லை; சேருபவர் கண்கள் கட்டப்பட்ட நிலையில் அழைத்து வரப்பட்டு, முழுமையாக அறியாத ஒன்றுக்கு உறுதிமொழி தருகிறார்.

ரோட்டரியையும் ஒருகாலத்தில் உரோமை ஐயத்தோடுதான் பார்த்தது. 1951இல் வெளியான ஆணை குருக்கள் அதில் சேரக் கூடாது என்றது. ஆனால் அங்கே சடங்கும் இல்லை, இரகசியமும் இல்லை என்பதால் அந்த ஐயம் கரைந்தது. 2016இல் பிரான்சிஸ் நடத்திய யூபிலி சந்திப்பில் ரோட்டரியினர் திரளாகப் பங்கேற்றனர். ஆக, சங்கம் என்ற பெயர் திருச்சபையை அச்சுறுத்தவில்லை. சமூக ஊடகங்களில் உலவும் உலகை ஆளும் சதிக் கூட்டம் போன்ற கதைகளுக்கும் இந்தத் தடைக்கும் தொடர்பில்லை.

சிக்கல் நடைமுறையில் இருக்கிறது. உறுப்பினர் யாரென்று பங்குத்தந்தைக்குத் தெரியாது. சில வேளை மனைவிக்கும் தெரியாது. நற்கருணை வரிசையில் நிற்பவரைத் தடுத்து நிறுத்த அவருடைய மனசாட்சியைத் தவிர யாருமில்லை. ஏற்கெனவே சேர்ந்துவிட்டவருக்கு வழி அடைபடவில்லை. 1917ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அந்த விலக்கை நீக்கும் உரிமை உரோமைக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. இன்று அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. உறுப்பினர் பொறுப்பிலிருந்து விலகிய பிறகு, தம் பங்கின் ஒப்புரவு இருக்கையில் சொன்னால் போதும்.