செஞ்சிச் சீமை – 9: கிட்டிக்கு எதிரே ஒரு மனு

சென்ற வாரம் 1714-ல் தேசிங்கு ராஜன் களத்தில் விழுந்த இடத்தில் நிறுத்தினோம். வாளெடுத்தவர்களின் கதைக்குச் செஞ்சியில் குறைவே கிடையாது. தேசிங்குக்குக் கூத்தும் பாட்டும் உண்டு. 2025 ஜூலையில் கோட்டையே யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. ஆனால் ராஜகிரி அடிவாரத்தில் கல்யாண மகாலுக்கு முன் நின்று படம் எடுத்துக்கொள்ளும் கூட்டம், அங்கேயே இருக்கும் நெற்களஞ்சியத்தை எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. அவ்வளவு தடித்த சுவர் எழுப்பிக் காக்க வேண்டியிருந்த நெல் எந்த ஊர்க் களத்திலிருந்து வந்தது, எப்படி வாங்கப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை. இந்த வாரம் அதைக் கொடுத்தவர்களின் கதை. அவர்களிடம் வாளும் இல்லை, குதிரையும் இல்லை.

கேட்டால் கொடுத்துக்கொண்டே இருந்தவர்கள் என்று அவர்களை நினைத்துவிட வேண்டாம். விருத்தாசலம், ஆடுதுறை, கொறுக்கை ஆகிய ஊர்களில் 1429-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. விஜயநகரத்தில் இரண்டாம் தேவராயன் ஆண்ட காலம். வலங்கை 98, இடங்கை 98 என்று இரண்டு சாதிக் கட்டுகளாகப் பிரிந்து கிடந்தவர்கள் ஒன்றாகக் கூடி, விளைச்சலைப் பார்க்காமல் வரி போடுகிறார்கள், ஊரைவிட்டே ஓடிவிட இருந்தோம், மண்டலம் முழுக்க ஒரே கூட்டமாக நிற்காததால்தான் இந்த அநியாயம் நடந்தது என்ற பொருள்படக் கல்லில் வெட்டிவைத்தார்கள். இனி இன்ன நிலத்துக்கு இவ்வளவுதான் என்றும் தீர்மானித்தார்கள். நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் இந்தச் சாசனங்களை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். காட்டிக்கொடுப்பவர்களைத் தண்டிப்போம் என்பதும் அவற்றில் உண்டு. ஆகவே இதை அகிம்சை சாசனம் என்று நான் தூக்கிப்பிடிக்கவில்லை. அநியாய வரியைச் சேர்ந்து நின்று மறுக்கும் பழக்கம் இந்தச் சீமைக்குப் பழையது என்று மட்டும் குறித்துக்கொள்வோம்.

1801-ல் ஆற்காட்டு நவாபிடமிருந்து கர்நாடகப் பகுதி கும்பெனியின் கைக்கு வந்தது. செஞ்சி, தென்னாற்காட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. கலெக்டர் காரோ என்பவர் 1803-ல் இந்தக் கோட்டையை இடித்துவிடலாம் என்றே எழுதினார். அதிகாரம் மலையிலிருந்து இறங்கித் தாலுகா கச்சேரிக்குப் போய்விட்டது.

ரயத்துவாரி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். நடுவில் ஜமீன்தார் இல்லை, ரயத்து நேராகச் சர்க்காருக்குக் கட்டுகிறான் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் சர்க்காரே ஆண்டை, உழுபவன் அதன் குத்தகைக்காரன். தீர்வையோ பணத்தில் கட்ட வேண்டும். 1830-களிலும் 40-களிலும் தானிய விலை சரிந்தது, தீர்வை சரியவில்லை. நேற்று இரண்டு மூட்டை விற்றுக் கட்டிய கிஸ்திக்கு இன்று மூன்று மூட்டை விற்க வேண்டும் என்ற நிலை. அறுப்புக்கு முன்பே தவணை வந்து நிற்கும், சாகுபடிக்காரன் கடன்காரன் வாசலில் நிற்பான். வருஷா வருஷம் ஜமாபந்தியில் தள்ளுபடி கிடைக்குமா என்பது கணக்கெழுதும் கர்ணத்தின் மனசைப் பொறுத்தது. அந்த மனசுக்கும் ஒரு விலை இருந்தது.

கட்ட முடியாதவனை என்ன செய்வது? இங்கேதான் கும்பெனி ஆட்சியின் ஏற்பாட்டைக் கவனிக்க வேண்டும். வரி வசூலிக்கும் தாசில்தாரே போலீஸுக்கும் தலைவர். வசூலுக்காக அடித்தவரிடமே அடித்ததைப் பற்றிப் புகார் கொடுக்க வேண்டும். கச்சேரிச் சேவகர்கள் ஆளை உச்சிவெயிலில் நிற்கவைப்பார்கள், முதுகில் கல்லேற்றுவார்கள். கிட்டி என்பது இரண்டு கட்டைகள். இடையில் விரல்களை வைத்து இறுக்குவார்கள். அண்ணாந்தாள் என்பது கழுத்தையும் காலையும் கயிற்றால் இழுத்துக் கட்டிக் குனியவைத்து மணிக்கணக்கில் விட்டுவிடுவது. பல வேளைகளில் பாக்கி சில ரூபாய்தான்.

இதை ஊருக்கு வெளியே கொண்டுபோனவர் சென்னையில் அவுரியும் துணியும் விற்ற ஒரு வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை, கஜுலு லட்சுமிநரசு செட்டி. 1844-ல் ‘கிரசென்ட்’ என்ற பத்திரிகையைத் தொடங்கியவர். 1852-ல் சென்னை சுதேசி சங்கத்தை நிறுவினார். காங்கிரஸ் பிறக்க இன்னும் 33 ஆண்டுகள் இருந்தன. வரிக் கொடுமையையும் வசூல் சித்திரவதையையும் சொல்லி அந்தச் சங்கம் லண்டன் பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பியது. டேன்பி சீமோர் என்ற பாராளுமன்ற உறுப்பினர் 1853-ல் கப்பலேறிச் சென்னைக்கே வந்துவிட்டார். செட்டி அவரைக் கிராமங்களுக்கு அழைத்துப்போய்க் குடியானவர்களையே பேசவைத்தார். துரைகள் கொடுத்த விருந்தோடு அந்த மனிதர் திரும்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை. 1854 ஜூலையில் காமன்ஸ் சபையில் பிளாக்கெட் என்ற உறுப்பினர் பிரச்சினையைக் கிளப்ப, சீமோர் தாம் கேட்டறிந்ததைச் சொன்னார். அதை மறுத்தவர்களும் இருந்தார்கள். விசாரிக்கலாம் என்று முடிவானது.

அந்த ஆண்டே எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவரைக் கொண்ட கமிஷன் சென்னையில் உட்கார்ந்தது. மாவட்டம் மாவட்டமாக அது போகவில்லை, பாதிக்கப்பட்டவன்தான் வர வேண்டும். ரயில் இல்லாத காலம் அது, முதல் வண்டி ராயபுரத்திலிருந்து கிளம்பியதே 1856-ல்தான். புகார் வாங்கிய அவகாசமும் குறுகியது. அப்படியும் 519 பேர் நேரில் வந்து நின்றார்கள், சிலர் பல நூறு மைல் கடந்து. எழுத்தில் வந்தவை 1,440. மொத்தம் 1,959 புகார்கள்.

இந்த எண்ணைச் சிறிதென்று தள்ளிவிடுபவர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். புகார் கொடுத்தவன் திரும்பிப் போக வேண்டியது அதே ஊருக்கு. அதே தாசில்தார் இருப்பார், அதே கர்ணம் அவன் அடங்கலை எழுதுவார். எந்தப் பாதுகாப்பும் இல்லாமல், கையில் கிட்டி பதிந்த தழும்போடு சென்னைக்கு நடந்து, பெயரும் ஊரும் சொல்லி, அடித்தவன் பெயரையும் சொல்லிவிட்டு வருவதற்குத் தேசிங்கு குதிரையேறியதைவிடக் குறைந்த துணிச்சல் போதும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதற்கென்று எந்தக் கூத்தும் கட்டப்படவில்லை.

1855 ஏப்ரலில் அறிக்கை வெளிவந்தது. சித்திரவதை நடக்கிறது, வரி வசூலுக்காகவே நடக்கிறது, பரவலாக நடக்கிறது என்று ஒப்புக்கொண்டது. அடுத்த மூச்சிலேயே பழி முழுவதையும் கீழ்மட்டச் சுதேசி ஊழியர்கள் தலையில் வைத்து, வெள்ளை அதிகாரிகளை விடுவித்தது. பாக்கியில்லாமல் வசூல் வேண்டும் என்று மேலிருந்து நெருக்கியவர்களுக்கு, அது எப்படி வசூலாகிறது என்று தெரியாதாம்! 1857 செப்டம்பரில், வடக்கே சிப்பாய்கள் செய்த கொடுமைகளைச் சொல்லி இங்கிலாந்து கொதித்துக்கொண்டிருந்தபோது, நியூயார்க் டெய்லி டிரிப்யூனில் ஒருவர் இதே அறிக்கையை எடுத்துப் போட்டு, உங்கள் ஆட்சியின் யோக்கியதையை உங்கள் கமிஷனே எழுதியிருக்கிறது பாருங்கள் என்ற தொனியில் கேட்டார். அவர் கார்ல் மார்க்ஸ்.

குடியானவன் சாட்சி சொல்வதே ஒரு போராட்டம் என்பதை அறுபது வருஷம் கழித்து பீகாரின் சம்பாரண் காட்டியது. அங்கே ஆண்டைகள் அவுரித் தோட்டத்துத் துரைகள். ஒரு பிகா என்பது இருபது கட்டா. அதில் மூன்று கட்டாவில் குத்தகைக்காரன் கட்டாயம் அவுரி போட்டாக வேண்டும். செயற்கைச் சாயம் வந்து அவுரி விலைபோகாமல் போனபோது, அந்தக் கட்டாயத்திலிருந்து விடுவிக்கிறோம் என்று சொல்லிக் குத்தகையை ஏற்றினார்கள். ராஜ்குமார் சுக்லா விடாமல் துரத்தி காந்தியை அழைத்துப்போனார். 1917 ஏப்ரல் 18 அன்று மோதிஹாரி நீதிமன்றத்தில் மாவட்டத்தைவிட்டுப் போகச் சொன்ன உத்தரவை மீறியதைக் காந்தி ஒப்புக்கொண்ட காட்சி எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. என்னைக் கேட்டால், அந்தப் போராட்டம் நடந்தது அதற்குப் பிந்தைய வாரங்களில், சாட்சியம் எழுதிய இடங்களில். ராஜேந்திர பிரசாத் உள்ளிட்ட வக்கீல்கள் உட்கார்ந்து எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட குடியானவர்களின் வாக்குமூலத்தை எழுதினார்கள். குறுக்குக் கேள்வி கேட்டு, நிற்காததைத் தள்ளினார்கள். எழுதும் இடத்தில் உளவு பார்க்க வந்த போலீஸ்காரரையும் உட்காரச் சொன்னார் காந்தி. பயம் தெளிந்தது அங்கேதான். 1918-ல் சட்டம் வந்து மூன்று கட்டா முறை ஒழிந்தது.

சென்னைக்கு நடந்தவர்களுக்கு அப்படி ஒரு துணை வாய்க்கவில்லை. போனவன் தனியாகப் போனான், திரும்பியும் தனியாகவே வந்தான். ஆனாலும் அவன் சொன்னது வீணாகவில்லை. 1859-ஆம் வருஷத்து 24-ஆவது சட்டம் போலீஸை வருவாய்த் துறையிலிருந்து பிரித்தது. தாசில்தார் கையிலிருந்து லத்தி போயிற்று. இன்று செஞ்சி தாலுகா ஆபீசில் ஜமாபந்தி என்றால் பட்டா மாற்ற, அளந்து தர, ஓ.ஏ.பி. கேட்க என்று மனுவோடு ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள். அங்கே யாரையும் யாரும் வெயிலில் குனியவைக்க முடியாது.

ஒரு கணக்கு மட்டும் உதைக்கிறது. கமிஷன் விசாரித்தது சர்க்கார் ஆள் செய்த கொடுமையை. பட்டாதாரரின் வயலில் உழுத படியாளைப் பட்டாதாரரே அடித்தால் அது வரி பாக்கி ஆகாது, அதனால் அது விசாரணையிலும் வராது. கிட்டியில் விரல் நசுங்கியதாக எழுதிக்கொடுத்த ரயத்துகளில் எத்தனை பேர் வீட்டுத் தொழுவத்தில் கடனுக்குக் கட்டுண்ட ஒரு குடும்பம் இருந்ததோ? அந்தக் குடும்பத்தைப் பற்றிப் பேசிய ஓர் அறிக்கை 36 வருஷம் கழித்து வந்தது. 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் எழுதினார். அடுத்த வருஷம் பறையர்களுக்கும் பிற தாழ்த்தப்பட்டோருக்கும் நிலம் ஒதுக்க ஆணை வந்தது. நாம் பஞ்சமி நிலம் என்கிறோமே, அது. கொடுத்த நிலம் கைமாறிய கதையும், அதைத் திருப்பிக் கேட்டு 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூட்டில் இறந்த ஜான் தாமஸ், ஏழுமலை கதையும் அடுத்த வாரம்.

(தொடரும்)