முதுகெலும்பு ஆபரேஷனில் ரோபோ: பாதியில் ஹேங் ஆனால்?

"ஏம்ப்பா, நம்ம வீட்டு கம்ப்யூட்டரே வாரத்துக்கு ரெண்டு தடவை ஹேங் ஆகுது. என் முதுகுல ஸ்குரூ போடறப்போ அந்த மெஷின் நின்னுட்டா என்ன பண்ணுவாங்க?"

சென்ற ஆண்டு அப்பா என்னிடம் கேட்ட கேள்வி இது. சாஃப்ட்வேர் எஞ்சினியர் என்பதால் தெருவில் பாதிப் பேருக்கு கம்ப்யூட்டர் சரிசெய்து கொடுப்பவன் நான் (பிரிண்டருக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை என்றால் யாரும் நம்புவதில்லை). ஆனால் இதற்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவருக்கு இடுப்பில் நான்காவது முள்ளெலும்பு, ஐந்தாவதன் மேல் முன்பக்கமாக நழுவி நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. தெருமுனை வரை நடந்தாலே கால் மரத்துப்போய் உட்கார்ந்துவிடுவார். மாத்திரை, பிசியோதெரபி எல்லாம் பார்த்தாகிவிட்டது. சிறு துளைகள் வழியாக, ரோபோ உதவியுடன் செய்யலாம் என்றார் டாக்டர்.

ஸ்கேன் முடிந்ததும் ஒரு சிடி கொடுத்தார்கள். உங்கள் வீட்டு பீரோவிலும் இப்படி ஒன்று இருக்கலாம். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், வழக்கமான போட்டோ ஃபைல்கள் இருக்காது. 'டைகாம்' என்ற வகை ஃபைல்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அவற்றைத் திறக்கும் புரோகிராம் பெரும்பாலும் அதே சிடியில் இருக்கும். இல்லாவிட்டால் '3டி ஸ்லைசர்' என்ற இலவச சாஃப்ட்வேரை டவுன்லோட் செய்துகொள்ளலாம். அதைக் கொண்டு நோயை நாமே கண்டுபிடிக்க இறங்கக் கூடாது. பார்க்க மட்டும்தான்.

பிரெட்டைத் துண்டு துண்டாக நறுக்குவதுபோல, சிடி ஸ்கேன் உடம்பை மெல்லிய குறுக்குவெட்டுப் படங்களாக எடுக்கிறது. ஒரு படத்தில் பொதுவாக 512க்கு 512 புள்ளிகள். அப்படியென்றால் ஒரு படம் சுமார் அரை எம்பி, 300 படங்கள் என்றால் 150 எம்பி. ஒவ்வொரு புள்ளியும் ஓர் எண். தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000, எலும்புக்கு சில நூறுகளும் அதற்கு மேலும். எண் அதிகமுள்ள புள்ளிகளை மட்டும் அடுக்கிக் காட்டச் சொன்னால், முதுகெலும்பு முழுதாகத் திரையில் வந்து நிற்கும். மவுஸைப் பிடித்து அதைச் சுற்றிப் பார்க்கலாம்.

டாக்டரின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. முள்ளெலும்பின் பின்பக்கத்தையும் முன்பக்கத்தையும் 'பெடிக்கிள்' என்ற சிறு எலும்புப் பாலம் இணைக்கிறது. ஸ்குரூ அதற்குள் புகுந்து போக வேண்டும். உள்பக்கச் சுவரைத் தாண்டினால் நரம்பு. எந்த தடிமன், எவ்வளவு நீளம், என்ன கோணம் என்று ஒவ்வொரு ஸ்குரூவையும் முன்கூட்டியே திரையில் வைத்துப் பார்க்கிறார். சரியில்லை என்றால் அழித்துவிட்டு மறுபடி வைக்கலாம். எலும்பில் துளை போட்ட பிறகு 'அண்டூ' கிடையாது.

முன்பெல்லாம் முதுகை நீளமாகக் கிழித்து, தசையை எலும்பிலிருந்து உரித்து விலக்குவார்கள். 1997-ல் ஃபோலி, ஸ்மித் என்ற இரு அமெரிக்க டாக்டர்கள், தசையைக் குழாய்களால் விலக்கி, அந்தக் குழாய் வழியாகவே டிஸ்க் ஆபரேஷன் செய்யும் முறையை வெளியிட்டார்கள். ஒன்றின் மேல் ஒன்றாகக் குழாய்களைச் செருகச் செருக, தசை அறுபடாமல் வழிவிடுகிறது. ரத்த இழப்பு குறைவு, வீடு திரும்புவதும் சீக்கிரம். ஆனால் துளை சிறிதானால் எலும்பு கண்ணுக்குத் தெரியாது. அடிக்கடி எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அந்தக் கதிர்வீச்சு டாக்டருக்கும் நர்ஸுக்கும் சேர்த்துத்தான்.

இந்த இடத்தில்தான் ரோபோ வந்தது. இஸ்ரேலின் டெக்னியான் பல்கலைக்கழகப் பேராசிரியர் மோஷே ஷோஹாமும் எலி செஹாவியும் 2001-ல் மேசார் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்களுடைய 'ஸ்பைன் அசிஸ்ட்' 2004-ல் அமெரிக்க அனுமதி பெற்றது. பார்த்தால் ஒரு குளிர்பான டின் அளவுதான்! 2018-ல் மெட்ரானிக் இந்த நிறுவனத்தைச் சுமார் 160 கோடி டாலருக்கு வாங்கியது. 2017-ல் அனுமதி பெற்ற குளோபஸ் நிறுவனத்தின் 'எக்செல்சியஸ் ஜிபிஎஸ்' இதற்குப் போட்டி.

ரோபோ என்றதும் சினிமாவில் வருவதுபோல் அதுவே கத்தியைப் பிடிக்கும் என்று நினைக்காதீர்கள். திரையில் குறித்த கோணத்தில் ஒரு வழிகாட்டிக் குழாயை அசையாமல் பிடித்துக்கொள்வதுதான் அதன் வேலை. அதன் வழியாகத் துளை போட்டு ஸ்குரூவை இறக்குபவர் டாக்டர்.

சாஃப்ட்வேர்காரன் என்ற முறையில் என்னைக் கவர்ந்தது இன்னொன்று. ஸ்கேன் எடுத்தபோது அப்பா மல்லாந்து படுத்திருந்தார். ஆபரேஷன் மேஜையில் குப்புறப் படுப்பார். முதுகு வளைவது மாறிவிடும். எனவே மேஜையில் எடுக்கும் எக்ஸ்ரேயோடு ஸ்கேனை, ஒவ்வொரு முள்ளெலும்பாகத் தனித்தனியே சாஃப்ட்வேர் பொருத்துகிறது. அதற்கு முன்பே இடுப்பெலும்பில் ஓர் அடையாளக் கம்பியைப் பொருத்திவிடுவார்கள். கேமரா அதையே பார்த்துக்கொண்டிருக்கும்.

அப்பாவின் கேள்வியை டாக்டரிடமே கேட்டுவிட்டேன். சிரித்தார். "நின்னா ரோபோ கையைத் தள்ளி வச்சுட்டு, எக்ஸ்ரே பார்த்து நானே போட்டுடுவேன். இத்தனை வருஷமா அப்படித்தானே போட்டேன்? நிக்காம தப்பாக் காட்டினாத்தான் பயம்."

அந்த அடையாளக் கம்பியில் யாருடைய முழங்கையாவது இடித்துவிட்டால், திரையில் படம் அழகாகவே தெரியும். உடம்பு மட்டும் வேறு இடத்தில் இருக்கும். எலும்பின் சரிவில் டிரில் முனை வழுக்கினாலும் இதே கதை. எரர் மெசேஜ் வராத தப்புதான் மோசமான தப்பு என்பது புரோகிராம் எழுதுபவர்களுக்குத் தெரியும். அதனால், தெரிந்த ஓர் எலும்பு முனையை கருவியால் தொட்டு, திரையிலும் அதே இடம் காட்டுகிறதா என்று இடையிடையே சரிபார்க்கிறார்கள்.

அப்பாவுக்கு நான்கு ஸ்குரூக்கள். மூன்றாவதற்கு முன் சரிபார்த்தபோது இடம் பொருந்தவில்லை. எக்ஸ்ரே எடுத்து மறுபடி பொருத்தினார்களாம். அரை மணி நேரம் தாமதம். வெளியே உட்கார்ந்திருந்த அம்மாவுக்கும் எனக்கும் ஏன் என்று அப்போது தெரியாது.

ரோபோ என்ற பெயருக்காக மட்டும் மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். செலவு கூடும். அனுபவமுள்ள டாக்டர் கையாலும் சரியாகவே போடுவார். டிஸ்க் வலியில் பெரும்பகுதி ஆபரேஷன் இல்லாமலே குறைந்துவிடும்.

பழைய ஸ்கேன் சிடியில் கீறல் விழுவதற்குள் ஹார்ட் டிஸ்கில் ஒரு காப்பி எடுத்து வைத்துவிட்டேன். இப்போது எடுத்த ஸ்கேனை அதன் பக்கத்தில் திறந்து அப்பாவுக்குக் காட்டினேன். எலும்பு கூடிவருகிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான்கு ஸ்குரூக்களையும் விரலால் எண்ணிப் பார்த்தார். பிறகு மார்க்கெட்டுக்கு நடந்தே கிளம்பிவிட்டார்.