பழம்புடைவையும் பட்டு நாடாவும்

சர்பத்தில் விழுந்த ஈயையும் இலைத்துணுக்கையும் நீக்குவதற்குப் பழம்புடைவையை வடிகட்டியாகப் பயன்படுத்தும் வழக்கம் வங்காளத்து இல்லங்களில் நெடுநாளாக உண்டு. அவ்வழக்கத்தையே குடிநீருக்கும் கைக்கொள்ளுமாறு வங்கதேசத்து மத்லாப் வட்டாரத்தில் 65 கிராமங்களின் பெண்களுக்குக் கற்பித்துப் பார்த்த ரீட்டா கோல்வெல் அம்மையாரும் அவருடைய சகாக்களும், குறைந்தது நான்கு மடிப்பாக மடித்த துணியில் நீரை வடித்த குடும்பங்களில் காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததென்று 2003-இல் அறிவித்தார்கள். புதுப்புடைவையைவிடப் பழையதே உசிதம். பலமுறை துவைத்து நைந்த நூல்கள் பரந்து, கண்களை நெருக்கிவிடுகின்றன. அப்படியும் அக்கண்கள் 20 மைக்ரான் அகலம்; காலராக் கிருமியோ இரண்டு மூன்று மைக்ரானுக்கு மேற்படாதது. கதவு திறந்திருக்கையில் திருடன் எப்படி அகப்பட்டான்?

அவன் தனியே வரவில்லை என்பதே விடை. இறாலுக்குத் தூரத்து உறவான கோப்பிபாட் என்னும் மிகச்சிறு பிராணியின் மேலோடு கைட்டின் என்ற பொருளாலானது. அப்பொருளைத் தின்று ஜீவிக்கும் காலராக் கிருமியான விப்ரியோ காலரே, ஒரே பிராணியின்மீது ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டு சவாரி செய்கிறது. பிராணி துணியில் சிக்கினால் கிருமியும் சிக்கிற்று. 1884-இல் ராபர்ட் கோக் கல்கத்தாவில் நோயாளிகளின் குடலில் ஆராய்ந்த இக்கிருமி, மனித சரீரத்துக்கு வெளியே நெடுநாள் வாழாதென்று உலகம் நம்பிக்கொண்டிருக்க, காலராவே இல்லாத அமெரிக்கச் செசபீக் விரிகுடாவின் நீரிலிருந்து கோல்வெல் 1970-களில் அதைப் பிரித்தெடுத்தபோது, அதை ஏற்றவர் சிலரே. உண்மையில் அது கழிமுகங்களின் பூர்வகுடி. இறந்த ஓடுகளைச் சிதைத்துச் சத்துகளைக் கடலுக்கே திருப்பித் தரும் துப்புரவுத் தொழில் அதனுடையது. நம் குடலில் அது செய்யும் அட்டகாசத்தைக் கொண்டே அதற்குப் பெயர் சூட்டிவிட்டோம்.

ஒரு மில்லிலிட்டர் கடல்நீரில் பத்து லட்சம் பாக்டீரியாக்கள் வரை இருப்பது சாதாரணம். அவற்றுட் பெரும்பாலானவை அற்ப ஆகாரத்தில் மெள்ள வளரும் மிதவுணவுக்காரர்கள். காலராக் கிருமியும் அதன் உறவினங்களுமான விப்ரியோக்கள் சிறுபான்மையினர், ஆனால் பெருந்தீனிக்காரர்கள், பத்து நிமிஷத்துக்குள் இரட்டிக்கும் இனமும் அவற்றில் உண்டு. நகரங்களின் சாக்கடையும் வயல்களின் உரமும் கரையோரத்தில் கலந்தால் பாசி பெருகுகிறது. பாசியை மேயும் கோப்பிபாட் பெருகுகிறது. அதன்மீதேறும் விப்ரியோவும் பெருகுகிறது. மிஞ்சிய பாசி அழுகும்போது பிராணவாயு குன்றி, ஏனைய உயிர்கள் மூச்சுத் திணறுகின்றன. மிதக்கும் பிளாஸ்டிக் துண்டுகளும் விப்ரியோக்களுக்குத் தெப்பமாகின்றன.

விப்ரியோக்கள் பெருகுவதில் உஷ்ணத்தின் செயலைக் கண்டறிய உதவியதும், விசித்திரமாக, ஒரு துணியே. அலிஸ்டர் ஹார்டி என்ற ஆங்கிலேயர் வகுத்த ஒரு கருவியை 1931 முதல் சரக்குக் கப்பல்கள் பின்னால் இழுத்துச் செல்கின்றன. அதனுள் மெதுவாக நகரும் பட்டு நாடாவில் கடலின் மிதவை உயிர்கள் படிந்து, ஃபார்மலினில் ஊறிச் சுருளாகச் சேர்கின்றன. பிளிமத் நகரில் பத்திரப்படுத்திய அச்சுருள்களில், 1958 முதல் 2011 வரையிலான வட அட்லாண்டிக் மாதிரிகளிலிருந்து மரபணுப் பொருளைப் பிரித்துப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், நீர் சூடேறியதற்கு இசைய விப்ரியோவின் பங்கும் கூடிவந்ததைக் கண்டார்கள். எவரோ வேறெதற்கோ சேர்த்துவைத்த பட்டு, அரை நூற்றாண்டுக்குப் பின் இப்படிச் சாட்சி சொல்லும் என்று யார் எதிர்பார்த்திருப்பார்கள்?

நோய் தரும் விப்ரியோக்கள் பெரும்பாலும் 15 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட, உப்பு குறைந்த நீரையே விரும்புவன. ஆறுகள் பல கலப்பதால் உப்புக் குறைந்த பால்டிக் கடலில் இரண்டாவது நிபந்தனை என்றும் உண்டு. முதலாவதுதான் வருஷந்தோறும் கிட்டுவதில்லை. 2014-ஆம் ஆண்டின் கோடையில் அதுவும் கூடிற்று. அவ்வாண்டு ஸ்வீடனிலும் பின்லாந்திலும் விப்ரியோ நோய் கண்டவர்களுள் சிலர், ஆர்க்டிக் வட்டத்துக்குச் சுமார் 160 கிலோமீட்டர் தொலைவிலேயே, வெயிலுக்கு இதமாகக் கடலில் இறங்கிய இடத்தில் அதைப் பெற்றிருந்தார்கள்.