காவல் பரணும் வாடகைப் பரணும்

மாசி, பங்குனி வந்துவிட்டால் மதுரைப் பக்கம் பரவையைச் சுற்றியுள்ள ஊர்களில் ஏதாவதொரு கோயில் பொங்கலுக்கு ‘வள்ளி திருமணம்’ நாடகம் இருக்கும். அதை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் 1922-லேயே காலமாகிவிட்டார். அவருடைய வள்ளி இன்னும் விடிய விடியப் பரண் மேல் நிற்கிறாள். பரண் என்ன பரண், ஒரு மர பெஞ்சுதான். அதில் ஏறி அவள் ஆலோலம் பாடிக் கவணைச் சுற்றினால் போதும், பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் சனத்துக்குத் தினைப்புனம் கண்ணில் தெரிந்துவிடும்.

நிஜப் பரணும் தூரத்தில் இல்லை. வைகையை ஒட்டிய நெல் வயலுக்கு அது தேவைப்படவில்லை. அக்கரையில் நாகமலை அடிவாரத்திலும், வடக்கே சிறுமலை, அழகர்மலைப் பக்கமும் மானாவாரியாகச் சோளமும் கடலையும் போட்டவர்களுக்குப் பரண் இல்லாமல் வெள்ளாமை வீடு வந்து சேராது. நாலு கவட்டைக் கம்பு நடுவார்கள். தோதான மரம் இருந்தால் அதன் கவட்டையிலேயே குறுக்குக் கட்டை போடுவார்கள். மேலே வரிச்சு பரப்பி, சோளத்தட்டையில் கூரை. ஆணி கிடையாது, எல்லாம் நார்க்கட்டு. கணுக்கிளையை ஒரு சாண் விட்டு நறுக்கிய மூங்கில்தான் ஏணி. மேலே ஓரத்தில் கூழாங்கல் குவியல், ஒரு தகர டின், அதைத் தட்ட ஒரு குச்சி. படுக்க இடம் இருக்கும், தூங்கத்தான் முடியாது. கண் அசந்தால் பன்றிக்கூட்டம் ஒரே ராத்திரியில் கடலைக்கொடியைப் புரட்டிப் போட்டுவிடும்.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் கிளி ஓட்டும் பெண்கள் தழல், தட்டை, குளிர் என்ற கருவிகளை வைத்திருக்கிறார்கள். தகர டின் அந்த வம்சத்தில் கடைசி வாரிசு. பொதிகை மலையின் காணிக்காரப் பழங்குடிகள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். யானை வரும் இடங்களில் உயரமான மரத்தில் ஏறுமாடம் கட்டி அதிலேயே படுத்தார்கள்.

விலங்கை விரட்டக் கட்டிய மேடையில் விலங்கைப் பார்க்க உட்காருவது பின்னால் வந்த பழக்கம். கென்யாவில் ‘ட்ரீடாப்ஸ்’ விடுதியை 1932-ல் ஓர் அத்திமரத்தின் மேல் கட்டினார்கள். 1952 பிப்ரவரியில் எலிசபெத் இளவரசியாக அங்கே ஏறி, அந்த இரவில் தந்தை இறந்ததால் ராணியாக இறங்கினார். அதற்கப்புறம் உலகம் முழுவதும் மரத்தில் படுக்க ஆசை வந்துவிட்டது. சுவீடனில் ஹராட்ஸ் என்ற ஊரில் 2010-ல் கண்ணாடிப் பெட்டி போன்ற அறையை மரத்தில் மாட்டினார்கள். பறவை மோதிச் சாகாமலிருக்க அதன் கண்ணுக்கு மட்டும் தெரியும் படலம் ஒட்டினார்கள். கனடாவில் கோள வடிவ அறைகளைக் கயிற்றில் தொங்கவிட்டார் டாம் சட்லி.

மதுரைக்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பரவையைத் தாண்டித் திண்டுக்கல் சாலையில் போகும் கார்களில் பாதி சிறுமலைக்கோ கொடைக்கானலுக்கோதான் போகிறதோ என்று தோன்றும். சிறுமலை வாழைக்குப் புவிசார் குறியீடு உண்டு. இப்போது அந்த மலைக்கு ஏறுகிறவர்களில் பலர் தேடுவது ‘ட்ரீ ஹவுஸ்’. ஒரு ராத்திரிக்கு ஆயிரக்கணக்கில் வாடகை, உள்ளே கட்டில், குளியலறை, வைஃபை. நம்மூர் மர வீடுகள் பலவற்றுக்கு மரம் வெறும் சாட்சி. பாரத்தைத் தாங்குவது சிமெண்டுத் தூண். அதற்கு மரப்பட்டை மாதிரி வண்ணமும் பூசியிருப்பார்கள். சிரிப்பு வந்தாலும், ஒருவகையில் மரத்துக்கு அது நல்லதுதான். தொங்கு வீடு என்று கம்பியையும் கயிற்றையும் தண்டைச் சுற்றி இறுக்கிவிட்டால், மரம் பருக்கப் பருக்கக் கட்டு பட்டைக்குள் புதைந்து, இலையில் சமைத்த உணவு வேருக்கு இறங்கும் பாதையை நெரிக்கும். அதைவிட, முறையாகத் துளைத்து ஒரே ஒரு தடித்த போல்ட்டை மாட்டினால் மரம் அந்தக் காயத்தைத் தனியே அடைத்துவிட்டுப் பிழைத்துக்கொள்ளும். பழைய பரணின் நார்க்கட்டோ அறுவடையோடு அவிழ்ந்துவிடும்.

மரத்தைவிட இடம்தான் பெரிய சிக்கல். நீலகிரி மசினகுடி விவகாரத்தை யாரும் அதற்குள் மறந்திருக்க முடியாது. யானை வழித்தடத்தில் உள்ள விடுதிகளைக் காலி செய்ய வேண்டும் என்ற சென்னை உயர் நீதிமன்றத்தின் 2011 தீர்ப்பை, 2020 அக்டோபர் 14-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அடுத்த ஜனவரியில் அதே மசினகுடியில், விடுதிப் பக்கம் வந்த யானை மீது நெருப்பை வீசியதில் காது வெந்து அது செத்துப்போனது. பரண் காவல்காரர்களும் யானைக்குத் தீப்பந்தம் காட்டியவர்கள்தான். ஆனால் அவர்கள் காத்தது அடுத்த வருஷச் சோற்றை.

அந்தச் சோற்றுக்கு ஆபத்தும் நீங்கவில்லை. மயிலும் பன்றியும் மதுரைச் சுற்றுவட்டாரக் காடுகரையில் இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. ராத்திரி முழுக்கப் பரணில் உட்கார ஆள் இல்லை. பழைய சேலையை வேலியாகக் கட்டுகிறார்கள். நாய் குரைப்பதைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் விடுகிறார்கள். வனத்திலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையே சுடலாம் என்று 2025 ஜனவரியில் அரசு அறிவித்தது. பரண் மலைக்குப் போய் வாடகைக்கு உட்கார்ந்துவிட்டது. அதன் வேலை கீழேயே கிடக்கிறது.

மர வீட்டில் தங்க ஆசைப்படுகிறவர்களைத் தடுக்க மாட்டேன். எனக்கும் அந்த ஆசை உண்டு. பணம் கட்டுமுன் அந்த இடம் விலங்குகள் வந்துபோகும் தடமா, அனுமதி வாங்கிக் கட்டியதா என்று கேளுங்கள். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். பரம்பிக்குளத்தில் துணக்கடவு அணைப் பக்கம் கேரள வனத்துறையின் மர உச்சிக் குடில் இருக்கிறது. பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான் சாலை. எங்கே தங்கினாலும் இருட்டியபின் பாட்டையும் வெளி விளக்கையும் அணைத்துவிடுங்கள்.